வளையம் இல்லாத மூன்று தட்டுகள்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதை ஓரமாகப் போட்டிருக்கலாம். பிரித்திருந்தால் முழுவதும் படித்துவிடு. நடுவில் எங்கேயாவது நழுவிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசை போட்டுவிடுகிறேன்.

1. மாப்பிள்ளையை எடுத்த அன்று நான் ஏன் சொல்லாமல் கிளம்பினேன்.
2. ஆய்வுக்கூடப் பதிவேட்டில் நான் அடித்த மூன்று வரிகள்.
3. அந்த மூன்று பாட்டில்களை நிரப்பும்போது நீ செய்த தவறு. அதை உன்னிடம் கேட்காமல் விட்டது என் தவறு.
4. மாப்பிள்ளையின் சாவில் என் பங்கு.
5. உன்னிடம் நான் கேட்பது.

முதலாவது. உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளில், ஒன்பதாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். நான் உணவையும் தண்ணீரையும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்று நீதான் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாய். கொட்டகைத் தகரம் கிழித்த காலிலிருந்து எடுத்த கிருமி. அதன்மேல் ஏழு மருந்துகளைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். ஆறுக்கு அது மசியவில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அடங்கியது. அந்த வரிசையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், உன் கோழிப்பண்ணைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் தண்ணீரில். அன்றே மருந்தை மாற்றினார்கள். இரண்டு நாள் அதற்குப் போதவில்லை. அவரை எடுத்த அன்று நீ என் பக்கத்தில் வந்து நின்று, "எல்லாம் பார்த்தாங்களே அண்ணா, எதை விட்டாங்க?" என்று கேட்டாய். பதில் என்னிடம் இருந்தது. அதனால்தான் கிளம்பினேன். வாசலில் செருப்பைக்கூடப் பார்க்கவில்லை; யாருடையதையோ மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டாவது. என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கறிக்கடை, வாய்க்கால், கீரைத்தோட்டம் என்று பல இடங்களிலிருந்து மாதாமாதம் மாதிரிகள் வரும். அவற்றிலுள்ள கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சின்ன வட்டத் தாள்களை வைப்போம். மருந்து செல்லுபடியானால் தாளைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வெற்று வளையம் தெரியும். அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவது என் பொறுப்பு. முப்பத்தொரு வருஷம் அளந்தேன். வேலையின் கடைசி இரண்டு வருஷத்தில் மூன்று முறை, உன் பண்ணைப் பின்புறத்துத் தண்ணீரில், ஆறு தாள்களைச் சுற்றி வளையமே இல்லை. தாளின் விளிம்பு வரை கிருமி ஏறி நின்றது.

நான் என்னை நம்பவில்லை. தாள் பழசோ, நான் மாற்றி வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. விதிப்படி புதிய பாட்டில் வரவழைத்தேன். அது ஒவ்வொரு முறையும் சாதாரணமாக இருந்தது. புதியது ஒத்துவராவிட்டால் பழைய வரியை அடித்துவிடலாம் என்பதும் விதிதான். ஆனால் அதற்கு முன்னால், பழைய பாட்டிலில் மிச்சமுள்ள தண்ணீரையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறது அதே விதி. அதை நான் செய்யவில்லை. மறுபடியும் அப்படியே வந்துவிட்டால் அன்றைய மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் எல்லார் முன்னாலும், "உமக்குக் கண் போயிடுச்சா?" என்பார். மூன்று முறையும் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினேன். வரியை மையால் பட்டையாக அடித்தேன்.

மூன்றாவது. பாட்டிலை நிரப்புகிறவர் அதன் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்; புதிய பாட்டில்களின் சீட்டில் மாப்பிள்ளையின் கையெழுத்து. அடிபட்ட மூன்றின் சீட்டிலும் உன் கையெழுத்து. நீ சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி. கோழி எச்சம் பட்ட கையைக் கழுவாமல் பாட்டிலைத் தொட்டிருப்பாய், விரலை உள்ளே விட்டிருப்பாய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இப்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

நான்காவது. எந்தப் பகுதிக் கிருமிக்கு எந்த மருந்து செல்லும் என்ற எங்கள் அட்டவணை வருஷா வருஷம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். சோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்பதால், அதுவரை எந்த மருந்தில் தொடங்கலாம் என்று டாக்டர்கள் அதை ஒரு பார்வை பார்ப்பதுண்டு. உங்கள் வாய்க்கால் பக்கம் வழக்கமான மருந்தே போதும் என்று அது சொன்னது. அப்படிச் சொல்ல வைத்தவன் நான்.

ஐந்தாவது. புதிதாக வந்திருக்கும் தலைமை அதிகாரி அம்மாள் பத்து வருஷப் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கிறார். நான் அடித்த மூன்று வரிகளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மாத முடிவில் அட்டவணையை மூடிவிடுவார்கள். பதிவேட்டில் எண்கள் தெரியாது. ஆனால் நான் முதலில் பென்சிலில் குறித்துக்கொள்ளும் பழுப்பு அட்டை நோட்டு உன் வீட்டில் இருக்கிறது, ஓய்வு பெற்ற வருஷம் இரண்டு மாதம் தங்கியபோது விட்டுவந்த பச்சைப் பெட்டியில். அதை அனுப்புவாயா? அனுப்பினால் உன் பண்ணையின் பேர் அட்டவணையில் ஏறும். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

உன் அண்ணன்

மார்ச் 8

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. படிச்சேன். பல்லு வலிக்குதுன்னு சொல்லக்கூட ஒண்ணு ரெண்டு நம்பர் போடற ஆளு நீங்க. அம்மா போனப்ப எனக்குப் போட்ட கடிதத்துலயும் நம்பர் இருந்துச்சு. அதுல மூணாவது, அம்மாவோட கண்ணாடியை என்ன செய்யறது.

முதல்ல செருப்பு. அது என் பையனோடது. அப்பாவைத் தூக்கிட்டு அவன் வெறுங்காலோட நடந்தான், வெயில்ல. உள்ளங்கால் கொப்புளிச்சிடுச்சு. மாமா எங்கேம்மான்னு கேட்டான். அவசரமா போயிட்டாருன்னு சொன்னேன். நாலு வருஷமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன்.

நோட்டு இருக்கு. பெட்டியைத் திறந்து பார்த்தேன், அடியில கிடக்குது. ஒரு எழுத்தும் எனக்குப் புரியலை, எல்லாம் எண்ணு. அனுப்ப மாட்டேன். பையன் போன மாசம்தான் ரெண்டாவது கொட்டகை போட்டான். எட்டாயிரம் குஞ்சு இறக்கியிருக்கான். பண்ணை பேரு அந்தக் காகிதத்துல வந்தா, எங்ககிட்ட வாங்கற ஒரு கடைக்காரனும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான். செத்தவரையும் வெச்சுப் பேசுவாங்க. அவரு பொண்டாட்டி கோழித் தண்ணியில மருந்துப் பொடியைக் கலந்து கலந்து புருஷனையே கொன்னுட்டாம்பாங்க.

கலந்தது நான்தான், தெரியுமா? குஞ்சு வந்த முதல் வாரம் தண்ணியில ஒரு கரண்டி. ஒண்ணு ரெண்டு தூங்கி விழுந்தா மறுபடியும் ஒரு கரண்டி. மருந்துக் கடைக்காரன் சொன்னான், எல்லாப் பண்ணையிலயும் கலக்கறாங்கன்னு. சீக்குக் கோழிக்கு மட்டும்தான் கொடுக்கணும்னு யாரும் சொல்லலை. நீங்களும் சொல்லலை. ரெண்டு மாசம் என் வீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சீங்க. நான் கண்ணு முன்னால கலக்கினேன்.

இன்னொண்ணு. நோட்டு இல்லைன்னா உங்க வாய்க்கு என்ன ஆச்சு? அந்த அம்மா நேராக் கேட்டாங்களே, சொல்லியிருக்கலாமே. என் கையெழுத்தைப் பார்த்ததும் என்மேல சந்தேகம் வந்துச்சு. அதைச் சொல்லவும் பத்து வருஷம்.

தங்கை

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

வாழ்நாளில் முதல் முறையாக என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது தகும்.

செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. காகிதத்தில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாருடையது என்று தெரியாமல் நான்கு வருஷமாக வைத்திருந்தேன்.

நீ கேட்டது சரி. வாயால் சொல்லியிருக்கலாம். நேற்று அதற்காகவே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரண்டு முறை அதிகாரியின் கதவு வரை போய்த் திரும்பினேன். எண் இல்லாமல் போய் நின்றால், கிழவன் மறந்துபோனதை இட்டுக்கட்டுகிறான் என்று நினைப்பார்கள் எனத் தோன்றியது. இது காரணமா சாக்கா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து தோட்டக்காரரோடு பூச்செடிகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

உன் கையெழுத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் சீட்டுகளைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது என்று எழுதினேன். முழு உண்மை அதுவல்ல. எனக்கு ஆறுதலாக இருந்தது. பழி போட ஒரு இடம் கிடைத்தது. வேறு யாருடைய கையெழுத்தாக இருந்தாலும் நான் அந்தத் தட்டுகளோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். உன்னுடையதாக இருந்ததால் உடனே கொட்டிவிட முடிந்தது.

பொடியைப் பற்றியும் நீ சொன்னது உண்மை. நீ கலக்குவதைப் பார்த்தேன்; சீக்கில்லாத கோழிக்கும் கொடுத்துவந்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு உன் பிழைப்பில் குறை சொல்லக் கூடாது என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நோட்டு வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பையனை இரண்டாம் முறை வெறுங்காலோடு நடக்கவிட எனக்குத் துணிவில்லை. ஆனால் நேற்று கதவுக்கு வெளியே நின்றபோது ஒன்று காதில் விழுந்தது. வாய்க்காலின் கீழ்ப்புறக் கீரைத்தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் காலில் மண்வெட்டி பட்டிருக்கிறது. அதே ஆஸ்பத்திரி. வழக்கமான மருந்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். இன்று இரண்டாம் நாள். அவள் காலில் இருப்பது அதே கிருமியா என்பது யாருக்கும் தெரியாது, இல்லாமலும் இருக்கலாம். இதை உன்மேல் பாரமாக ஏற்றுகிறேனோ என்று இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்தேன். பிறகு, அடித்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறேன். அந்த மூன்று பாட்டில்களையும் நீ எப்படி நிரப்பினாய்?

உன் அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

உன் கடிதம் இன்னிக்குக் காலையில வந்துச்சு. இதையும் நோட்டையும் மூணு மணி பஸ் கண்டக்டர் கையில கொடுத்து அனுப்பறேன். உன் ஊர் பஸ் நிலையத்துலேர்ந்து உனக்குப் போன் பண்ணுவார். தபாலை நம்பினா நாலு நாளு ஆயிடும், அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கே அஞ்சாம் நாளு. நோட்டை வாங்கின கையோட போ. கதவுகிட்ட நிக்காதே. தோட்டக்காரர்கிட்ட பூச்செடியைப் பத்திப் பேசாதே.

எப்படி நிரப்பினேன்னு கேட்டியே, சொல்றேன்.

உங்க ஆபீஸ்லேர்ந்து பாட்டில் எடுத்துட்டு வருவாரே, முட்டிவலிக்காரர், அவர் ஒரு நாளும் வாய்க்கால்ல இறங்கினதில்லை. படியெல்லாம் பாசி. வாசல்ல நாற்காலியில உக்காந்து டீ குடிப்பார். என் வீட்டுக்காரர்தான், நீங்க உக்காருங்கன்னு பாட்டிலை வாங்கிட்டுப் போவார். கொட்டகை கழுவற தண்ணி போய் விழுதே, அதுக்குக் கீழே இருக்கிற கடைசிப் படியிலதான் எடுக்கணும்னு சீட்டுலயே போட்டிருக்கும். இவர் மேல்பக்கம் போய், மதகுகிட்ட, பண்ணைக்குள்ள இன்னும் வராத தண்ணியை மொண்டுட்டு வருவார். முதல்ல ஏமாத்தணும்னு செய்யலை. அங்கே வழுக்காது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் நான் கேட்டேன், இது வேற இடமாச்சேன்னு. "நல்ல தண்ணி கொடுத்தா நல்ல பேரு வரும். சும்மா இரு"ன்னார். சும்மா இருந்தேன்.

மூணு தடவை என் வீட்டுக்காரர் ஊர்ல இல்லை. நான் போனேன். சீட்டுல என்ன எழுதியிருந்துச்சோ அப்படியே செஞ்சேன். கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிட்டு, கடைசிப் படி வரைக்கும் இறங்கினேன். மூடியோட உள்பக்கத்தைத் தொடலை. தண்ணி வர்ற பக்கம் வாயைக் காட்டி நிரப்பினேன். உன் ஆபீஸுக்குப் போற பாட்டிலாச்சே, என்னால உனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு. நீ என்னடான்னா அதையே கொட்டியிருக்கே.

மறுபடியும் பாட்டில் கேட்டு முட்டிவலிக்காரர் வருவார். அதுக்குள்ள இவர் ஊர்லேர்ந்து வந்திருப்பார். மதகுத் தண்ணி போகும். நீ பார்த்துட்டு, இதுதான் சரின்னு எழுதுவே. பத்து வருஷமா என் வீட்டுக்காரர் அனுப்பினது, அவர் போனப்புறம் பையன் அதே மதகுல மொண்டு அனுப்பறது எல்லாம் எங்க பண்ணைக்கு வராத தண்ணி.

அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அவரு கிடக்கறப்பவும் தெரியும். ஆனா அந்தத் தண்ணிக்கும் அவர் காலுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எங்கே தெரியும்? எதை விட்டாங்கன்னு உன்கிட்ட கேட்டேனே. விட்டது நாம மூணு பேருமா சேர்ந்துதான்.

இதுல பாட்டில் நிரப்பினதைப் பத்தி எழுதினதை அந்த அதிகாரி அம்மாகிட்ட அப்படியே காட்டு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கேன். பையன்கிட்ட சொல்லிட்டேன். நாலு வருஷமா உன்மேல இருந்த கோபத்தை இப்ப எனக்கும் பாதி பிரிச்சுக் கொடுத்திருக்கான்.

ரெண்டு மாசம் இங்கே இருந்தியே. ஒரு நாளாவது அந்தப் படியில இறங்கிப் பார்த்தியா?

உன் தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம் உன் வீட்டுக்கு வந்தபோது நேரில் சொல்ல நினைத்ததை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற சாக்கில் சொல்லாமல் வந்தேன். அதனால் எழுதுகிறேன். இந்த முறை எண் போடவில்லை.

கீரைத்தோட்டத்துப் பெண் உயிரோடு இருக்கிறாள். அன்று மாலை நோட்டோடு போனபோது, அதிகாரி அம்மாள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் டெலிபோனை எடுத்தார். அன்று இரவே மருந்தை மாற்றினார்கள். கால் இன்னும் ஆறவில்லை. ஆனால் காய்ச்சல் விட்டுவிட்டதாம். சோதனை முடிவு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதே வரிசை. நான் முதல் நாளே கதவைத் தட்டியிருந்தால் அவள் இந்நேரம் நடந்திருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று வரிகளும் பழைய இடத்தில் ஏறிவிட்டன. பத்து வருஷத்தில் உங்கள் இடத்திலிருந்து வந்த மற்றவற்றுக்கு எதிரே, ‘இடம் தவறு’ என்று குறித்தார்கள். என் பேரைப் போட்டு ஒரு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அம்மாள், "இது ஒரு பண்ணையோட கதை இல்லை சார், எங்களோட வேலை முறையோட கதை" என்றார். இனிமேல் மாதிரி எடுப்பவர்தான் இறங்கி நிரப்ப வேண்டுமாம். முட்டிவலி இருந்தால் வேறு ஆள். நல்ல மனுஷி. ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்த ஆறுதலை நான் சந்தேகப்படுகிறேன். பாட்டில் விஷயம் அவர்களுடையது. தொட்டியில் கொட்டியது என் கை.

அடுத்த வாரம் கொட்டகைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். பொடியை நிறுத்தியாகிவிட்டது என்று நீ சொன்னதையும் பதிவு செய்யச் சொல். உன் பையனோடு நான் பேச முயன்றேன். செருப்பைக் கொடுத்தேன். வாங்கிக் காலடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப பத்தாது மாமா" என்றான். மாமா என்று கூப்பிட்டான், அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிப் படி. நான் முப்பத்தொரு வருஷம் அளந்த தண்ணீரை அறுபத்தெட்டாம் வயதில் முதல் முறையாகப் பார்த்தேன். கொட்டகைத் தண்ணீர் விழும் இடத்தில் நுரையும் இறகுத் துணுக்கும் ஒதுங்கி நின்றன. படி வழுக்கியது. நீ ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூடியைத் திறந்தாய். உள்பக்கம் படாமல் இரண்டு விரல் நுனியால் விளிம்பை மட்டும் பிடித்து. எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாக வருபவர்களுக்கு அப்படிப் பிடிக்கப் பழக்கவே ஒரு மாதம் ஆகும். நீ பாட்டிலை நிரப்பி என் கையில் கொடுத்து, "இதைக் கொட்டிடாதே" என்றாய்.

கொட்டவில்லை. அம்மாள் அனுமதித்ததால் தட்டை நானே அளந்தேன். ஆறு தாள்களைச் சுற்றி வளையம் இல்லை. ஏழாவதைச் சுற்றி இருக்கிறது. உன் பழைய மூன்று பாட்டில்களிலும் அது இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபது. இப்போது பதினாறு மில்லிமீட்டர். கீரைத்தோட்டத்துப் பெண்ணைக் காப்பாற்றியது அந்த ஏழாவதுதான். அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது. என்னை நம்பாத வழக்கத்தில் மிச்சத் தண்ணீரிலிருந்து இரண்டாம் தட்டும் போட்டேன். பதினாறுதான். அன்று செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான், ஒரு மணி நேர வேலை, ஓர் இரவுக் காத்திருப்பு.

என் முதல் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் எழுதினேன். அவற்றில் நான்கை மாற்ற வழியில்லை. நான்காவதை எத்தனை முறை படித்தாலும் அது அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் மூன்றாவதாக எழுதியது தவறு. பத்து வருஷத்தில் அந்த வாய்க்காலிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்த தண்ணீரில் மூன்று பாட்டில்கள்தான் சரியாக நிரப்பப்பட்டவை. அவற்றை நிரப்பியது நீ.

உன் அண்ணன்